ஒரே அஞ்சடி, ஐந்து எடிட்டர்கள்: விளையாட்டுகளுக்கான மேப் எடிட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் என்னிடம் கணினி விளையாட்டுகளின் களங்களைக் கட்டும் மேப் எடிட்டர்களைப் பற்றி விசாரிக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எதைக் கற்றுக்கொண்டால் நல்லது? வசதிகளின் பட்டியலைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது என்பது எனக்குச் சில ஆண்டுகளை வீணாக்கிய பிறகுதான் புரிந்தது. ஏறத்தாழ எல்லா எடிட்டர்களிலும் சுவர் எழுப்பலாம், கதவு வைக்கலாம், எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். எழுப்பிய சுவரை மறுநாள் இரண்டடி தள்ளி வைக்கலாம் என்று நம் மனம் மாறும்போதுதான் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு வெளியே தெரிகிறது. ஆகவே ஒரே தெருவை ஒவ்வோர் எடிட்டரிலும் கட்டி, கட்டி முடித்ததும் அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்துபார்க்கும் முறையை நான் கையாள்கிறேன். ஓர் எடிட்டருக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஒரு வாரத்தில் உங்களுக்கு ஏற்றது எது என்று உங்கள் கையே சொல்லிவிடும்.

முதல் படி: தெருவை அளந்து தாளில் வரைதல்

கற்பனைத் தெரு வேண்டாம். உங்களுக்குக் கால்பழக்கமான ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது ஜார்ஜ்டவுனில் நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைக்கும் லெபோ பாசார். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரப் பகுதியில் அது இருக்கிறது. ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தப் பெருமை அன்று. அங்குள்ள கடைவீடுகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் வரிசையாக நிற்கின்றன: முகப்பு குறுகல், உள்ளே நீளம், கீழே கடை, மேலே வீடு, நடுவில் மழையும் வெயிலும் இறங்கும் திறந்த முற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவை ஒட்டி அஞ்சடி இருக்கிறது. 1822இல் சிங்கப்பூருக்கு வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் விதியாக்கப்பட்ட இந்த நடைபாதை, ஒவ்வொரு வீட்டின் மேல்தளத்துக்கும் அடியில் ஓடுகிறது. நடப்பவரின் தலைக்கு மேல் வேறொருவரின் படுக்கையறை இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தியே எடிட்டர்களைச் சோதிக்கப் போதுமானது.

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை இரண்டரை அடியாகக் கொள்ளுங்கள். அஞ்சடிக்கு 2 கட்டம், முகப்புக்கு 8 கட்டம், வீட்டின் ஆழத்துக்கு 24 கட்டம், தெருவுக்கு 10 கட்டம் வைத்து, பக்கத்துக்கு ஐந்து வீடுகளாக இரு வரிசை வரையுங்கள். மொத்தம் 40 கட்ட அகலமும் 58 கட்ட உயரமும் வரும். உண்மையான வீடுகள் இதைவிட நீளமாகவும் இருக்கும். சோதனைக்கு இது போதும். பிறகு தாளின் அடியில் மாற்றத்தை எழுதி வையுங்கள்: எல்லாம் முடிந்த பிறகு அஞ்சடியை 2 கட்டத்திலிருந்து 3 கட்டமாக அகலப்படுத்த வேண்டும். வேலையைத் தொடங்கிய நேரம், தெருவில் முதன்முதலாக நடந்த நேரம், அகலப்படுத்தி முடித்த நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நேரம்தான் முக்கியம்.

இரண்டாம் படி: டைல்ட்

மேலிருந்து பார்க்கும் இருபரிமாண விளையாட்டுக்கு முதலில் கற்க வேண்டியது டைல்ட். தோர்பியோர்ன் லின்டெயர் 2008 முதல் வளர்த்து வரும் இந்தத் திறந்த மூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. நேர்க்கட்டம், சாய்கோணக் கட்டம், அறுகோணக் கட்டம் என்று எந்த வகை மேப்பையும் இதில் வரையலாம்.

புதிய மேப்பைத் திறந்து, நேர்க்கட்ட வகையைத் தேர்ந்து, டைலின், அதாவது மேப்பை நிரப்பும் சிறு சதுரப் படத்தின், அளவை 16க்கு 16 பிக்சலாகவும் மேப்பின் அளவை 40க்கு 58 டைலாகவும் வையுங்கள். டைல்களின் படத்தை ஏற்றும்போது டைல்செட்டை, அதாவது அந்த டைல் தொகுப்பை, மேப்புக்குள் புதைக்காமல் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்; நாளை பத்து மேப்புகள் அதே டைல்செட்டைப் பயன்படுத்தும்போது இதன் அருமை தெரியும். அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் லேயர்களைக் கீழிருந்து மேலாக அடுக்குங்கள்: தரை, சுவர், பொருள்கள், மேல்தளம். ஒரு வீட்டை முழுமையாக வரைந்து முடித்ததும் அதை முத்திரையாகச் சேமித்து, மீதி ஒன்பது இடங்களில் குத்துங்கள். பொருள்களுக்கான லேயரில் அஞ்சடியின் நீளத்துக்கு ஒரு செவ்வகம் வரைந்து பெயரிடுங்கள். விளையாட்டில் நாயகன் அந்தச் செவ்வகத்துக்குள் நுழையும்போது மேல்தள லேயரை மங்கச் செய்யும் கட்டளையை நீங்கள் உங்கள் எஞ்சினில், அதாவது விளையாட்டை இயக்கும் மென்பொருளில், எழுத வேண்டும். தலைக்கு மேல் இருக்கும் அறையைப் பற்றி டைல்டுக்கு எதுவும் தெரியாது. அதைப் பொறுத்தவரை சுவர் என்பது மேலே கிடக்கும் ஒரு படம், அவ்வளவுதான்.

இதில் வரைவது சுகமானது. விளையாடிப் பார்க்க வழியில்லை. மேப்பை டிஎம்எக்ஸ் என்ற டைல்டின் சொந்தக் கோப்பு வடிவில் சேமித்தோ ஜேசன் என்ற பொது வடிவில் ஏற்றுமதி செய்தோ வேறோர் எஞ்சினில் திறந்தால்தான் தெருவில் நடக்க முடியும். அகலப்படுத்தும் சோதனையில் இது சறுக்கியது. குத்திய முத்திரைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நகல்கள் என்பதால் ஒன்றை மாற்றினால் மற்றவை மாறவில்லை. சுவர்களை வெட்டி ஒரு கட்டம் உள்ளே தள்ளி ஒட்டினேன். பொருள்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. நான் நிறுத்தியிருந்த பூமாலைக் கடைக்காரர் சுவருக்குள் புதைந்து கிடந்ததை மறுநாள்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாம் படி: எல்டிடிகே

டெட் செல்ஸ் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான செபாஸ்டியன் பெனார் 2020இல் வெளியிட்ட இந்த எடிட்டரும் இலவசமானது, திறந்த மூலம் கொண்டது. இதில் நீங்கள் முதலில் படம் வரைவதில்லை, எண்களை நிரப்புகிறீர்கள். இன்ட்கிரிட் என்ற லேயரை உருவாக்கி, தெருவுக்கு 1, அஞ்சடிக்கு 2, சுவருக்கு 3, உள்தரைக்கு 4, முற்றத்துக்கு 5 என்று பொருள் கொடுங்கள். தாளில் வரைந்த திட்டத்தை அப்படியே நிறங்களால் நிரப்புங்கள். பிறகு விதிகளை எழுதுங்கள்: 2க்கு அருகில் 1 இருந்தால் அந்த விளிம்பில் தூண் டைலை வை; 5ஐச் சுற்றி 4 இருந்தால் ஓரத்தில் கல்வரம்பை வை. ஒவ்வொரு விதியும் ஒரு கட்டத்தையும் அதன் அண்டைக் கட்டங்களையும் பார்த்து எந்தப் படத்தைப் போடுவது என்று முடிவு செய்கிறது.

முதல் மாலை முழுவதும் விதி எழுதுவதிலேயே போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அஞ்சடியை அகலப்படுத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 3 இருந்த கோட்டில் 2ஐயும், அதற்கு உள்ளே 3ஐயும் தேய்த்தேன். தூண், ஓரம், நிழல் எல்லாம் தாமாகவே மறுபடி வரையப்பட்டன. பல லெவல்களை ஒரே உலகத்தில் பக்கம் பக்கமாக அடுக்கிப் பார்க்கும் வசதியும் இதில் இருக்கிறது. சாய்கோண மேப்போ அறுகோண மேப்போ வேண்டுமென்றால் டைல்டுக்குத்தான் திரும்ப வேண்டும். நேர்க்கட்ட மேப்பு போதும், அதிலும் அடிக்கடி மனம் மாறும் ஆள் என்றால், நான் தயங்காமல் எல்டிடிகேயைத்தான் பரிந்துரைப்பேன்.

நான்காம் படி: அல்டிமேட் டூம் பில்டர்

நாயகனின் கண் வழியே பார்த்துச் சுடும் டூம் விளையாட்டு 1993 டிசம்பரில் வெளியானது. அதன் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997இல் பொதுவில் வைத்தது. டூம் பில்டர் என்ற எடிட்டரின் வழித்தோன்றலாக இன்று அல்டிமேட் டூம் பில்டர் உயிரோடு இருக்கிறது. விளையாட்டின் படங்களையும் ஒலிகளையும் விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவையும் இல்லை. ஃப்ரீடூம் என்ற இலவசத் தொகுப்பே போதும். ஆகவே மாணவர்களுக்கு முப்பரிமாண உணர்வை முதன்முதலாகக் கொடுக்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை.

இதில் சுவர் என்பது ஒரு கோடு. மேலிருந்து பார்க்கும் வீட்டுப் பிளானைப்போல் புள்ளிகளை இணைத்துக் கோடுகள் வரைகிறீர்கள்; கோடுகளால் மூடப்பட்ட பரப்பு செக்டர் எனப்படும். ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம், ஒரு வெளிச்ச அளவு உண்டு. தாளின் ஒரு கட்டத்தை 32 அலகாகக் கொண்டால் அஞ்சடி 64, முகப்பு 256, தெரு 320 அலகு என்று எல்லாம் தரைப் படங்களின் 64 அலகுக் கட்டத்தோடு அழகாகப் பொருந்தும். தெருவின் தரையை 0இல் வைத்து, கூரைக்கு வானத்தின் படத்தைக் கொடுத்து 320இல் நிறுத்துங்கள். அஞ்சடியின் தரையை 16இல் வையுங்கள். டூமில் நாயகன் 24 அலகு உயரம் வரை தானாக ஏறிவிடுவான், அதற்கு மேல் ஒன்று கூடினாலும் நின்றுவிடுவான். கடைத்தெருவில் ஒரு வீட்டின் அஞ்சடி அடுத்த வீட்டினதைவிடச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும் என்பதால், வீட்டுக்கு வீடு 8 அலகு மாற்றிப் போடுங்கள்; நடக்கும்போது கண் மட்டம் ஏறி இறங்குவதே அந்தத் தெருவை நினைவூட்டும்.

இப்போது தலைக்கு மேல் இருக்கும் அறைக்கு வருவோம். அஞ்சடியின் கூரையை 144இல் வைத்தால், 320இல் இருக்கும் தெருவின் வானத்துக்கும் 144இல் இருக்கும் அஞ்சடியின் கூரைக்கும் இடையில் உள்ள கோட்டின் மேற்பகுதியில் ஒரு படம் கேட்கும். அங்கே மரச் சன்னல்கள் உள்ள முகப்புப் படத்தை ஒட்டுங்கள். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அச்சு அசலாக ஒரு மாடி தெரியும். ஆனால் அந்த மாடி இல்லை. சன்னலுக்குப் பின்னால் அறையோ காற்றோ எதுவுமே இல்லை, ஏனென்றால் பழைய டூமில் ஓர் இடத்துக்கு ஒரு தரையும் ஒரு கூரையும் மட்டுமே உண்டு. மாடிக்கு ஏற வேண்டுமென்றால் டூமை நவீன வசதிகளோடு இயக்கும் ஜிசீடூம் எஞ்சினுக்கு மாறி, மேப்பின் ஓரத்தில் ஒரு போலி செக்டரை வரைந்து, அதன் ஒரு கோட்டுக்கு 160ஆம் எண் செயலைக் கொடுத்து, அந்த செக்டரின் தரையையும் கூரையையும் அஞ்சடிக்கு மேல் ஒரு தளமாகத் தொங்கவிட வேண்டும். வேலை செய்யும், ஆனால் பத்து வீடுகளுக்கும் அதைச் செய்தபோது, எந்தப் போலி எந்த வீட்டுக்குரியது என்று எனக்கே குழம்பிப்போயிற்று.

நிழலையும் நீங்களே பங்கிட வேண்டும். தெருவுக்கு 208, முற்றத்துக்கு 192, அஞ்சடிக்கு 144, கடையின் உள்ளே 112 என்று வெளிச்சம் கொடுத்தேன். முற்றம் அமைப்பது இங்கே மிகச் சுலபம்: வீட்டின் நடுவில் ஒரு சதுர செக்டர் வரைந்து, தரையை 8 அலகு இறக்கி, கூரைக்கு வானத்தின் படத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அகலப்படுத்தும் சோதனையிலும் டூம் பில்டர் என்னை வியக்க வைத்தது. அஞ்சடிக்கும் கடைக்கும் இடையில் உள்ள கோடுகள் எல்லாவற்றையும் தேர்ந்து 32 அலகு இழுத்தேன். இரண்டு இழுப்பில் இரு வரிசையும் முடிந்தது. படங்கள் சில இடங்களில் விலகியதைச் சரிசெய்யத்தான் கால் மணி நேரம் பிடித்தது.

ஐந்தாம் படி: டிரென்ச்புரூம்

டூமைப் போன்ற சுடும் விளையாட்டான குவேக் 1996இல் வந்தபோது விளையாட்டு உலகம் உண்மையான முப்பரிமாணத்துக்கு மாறியது. அந்தத் தலைமுறை விளையாட்டுகளுக்கு மேப் கட்ட இன்று இருப்பவற்றுள் நான் மிகவும் நேசிப்பது கிறிஸ்டியன் டுஸ்கே உருவாக்கிய டிரென்ச்புரூம். குவேக், குவேக் 2, ஹாஃப்-லைஃப் உட்படப் பல விளையாட்டுகளுக்கு இது பொருந்தும். இதில் சுவர் என்பது கனமான ஒரு கட்டி. அதற்கு பிரஷ் என்று பெயர். வெறுமையில் கட்டிகளை அடுக்கி அவற்றுக்கு நடுவே நீங்கள் இடத்தை உண்டாக்குகிறீர்கள். 1998இல் வந்த அன்ரியல் விளையாட்டின் எடிட்டர் இதற்கு நேர்மாறாக, உலகம் முழுவதும் பாறை என்று தொடங்கி, குடைந்து குடைந்து அறைகளை உண்டாக்க வைத்தது. குகைக் கோவில் செதுக்குபவருக்கு அந்த முறை பிடிக்கும். கடைவீடு கட்டுபவருக்குச் செங்கல் அடுக்கும் முறையே வசதி.

முப்பரிமாணப் பார்வையிலேயே சுட்டியை இழுத்து முதல் கட்டியை வரையுங்கள். அதுதான் தெருவின் தரை. அதே 32 அலகுக் கட்டத்தில் அஞ்சடிக்கு 16 அலகு உயர மேடை, அதன் ஓரத்தில் தூண், தூணுக்கு மேல் மாடியின் தரை, அதற்கும் மேல் உண்மையான அறை என்று அடுக்குங்கள். இங்கே நாயகன் ஏறக்கூடிய படி 18 அலகுதான் என்பதால், டூமில் 24 வரை தாராளமாக வைத்துப் பழகியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வீடு முடிந்ததும் அதைக் குழுவாக்கி, இணைக்கப்பட்ட நகல்களாகப் பெருக்குங்கள். இந்த ஒரு வசதிக்காகவே டிரென்ச்புரூமுக்குக் கோவில் கட்டலாம்: ஒரு வீட்டில் செய்யும் திருத்தம் மீதி ஒன்பது வீடுகளிலும் தானாக நிகழ்கிறது.

இனி வருவது புதியவர்கள் மனம் வெறுக்கும் இடம். குவேக்கின் மேப்பை அப்படியே விளையாட முடியாது. கியூபிஎஸ்பி, விஸ், லைட் ஆகிய மூன்று நிரல்களின் வழியே அதைச் செலுத்த வேண்டும். இவற்றுக்கு எரிக்டபிள்யூ டூல்ஸ் என்ற தொகுப்பைப் பயன்படுத்துங்கள். முதலாவது உலகத்தைப் பகுதிகளாக வெட்டுகிறது, இரண்டாவது எங்கிருந்து எது தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறது, மூன்றாவது ஒளியையும் நிழலையும் சுடுகிறது. உலகம் தண்ணீர் ஒழுகாத தொட்டியைப்போல் முழுவதும் மூடியிருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். எங்காவது ஓர் இடுக்கு வழியாக உள்ளிருந்து வெளி வெறுமைக்குப் போக முடிந்தால், லீக் என்று சொல்லி வேலை நின்றுவிடும்.

என் தெரு ஒழுகியது. ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரையும் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் ஒழுகும் வழியைக் குறித்து கியூபிஎஸ்பி எழுதிவைக்கும் புள்ளிக் கோப்பை டிரென்ச்புரூமில் ஏற்றினேன். திரையில் ஒரு கோடு தோன்றியது. அது தெருவில் நின்ற எதிரியிடமிருந்து புறப்பட்டு, அஞ்சடியில் ஏறி, மூன்றாவது கடையின் வாசலுக்குள் நுழைந்து, முற்றத்துக்குள் வளைந்து, நேராக மேலே போய், வானத்தில் மறைந்தது. முற்றம் திறந்த வெளிதானே என்று அதற்கு மேல் நான் எதையும் வைக்கவில்லை. குவேக்கில் வானம்கூட ஒரு கட்டிதான். வானத்தின் படம் ஒட்டிய ஒரு மூடி. அதை வைத்ததும் ஒழுக்கு நின்றது. எறும்பு போகும் பாதையைப் பின்பற்றிச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதுபோல் இந்தக் கோட்டைப் பின்தொடரக் கற்றுக்கொண்டவர்களுக்கு லீக் ஒரு பொருட்டாகவே இருக்காது.

அந்த வான மூடியில் இன்னொரு பயனும் இருக்கிறது. உலகத்தின் பொதுப் பண்புகளில் சூரியனின் ஒளியையும் திசையையும் குறித்தால், வானத்தின் படம் உள்ள முகங்களிலிருந்து வெயில் இறங்கும். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஐந்து பாகை வடக்கில் இருக்கும் பினாங்கில் நண்பகல் சூரியன் உச்சந்தலையில் நிற்கும் என்பதால் முதலில் அதைச் செங்குத்தாக வைத்தேன். முற்றத்தின் தரையில் சதுரமாக வெயில் விழுந்தது. அஞ்சடி முழுவதும் நிழல். அதுவரை சரி. ஆனால் முகப்புச் சுவர்கள் கருத்துப்போயின, ஏனென்றால் செங்குத்தான ஒளி செங்குத்தான சுவரைத் தொடுவதில்லை. பதினைந்து பாகை சாய்த்த பிறகே சன்னல் கதவுகளின் நிறம் தெரிந்தது. தூண், சன்னல் சட்டம், படிக்கட்டு போன்ற சிறு வேலைப்பாடுகளை ஃபங்க் டீடெயில் என்ற வகையில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு திறந்த தெருவில் விஸ் நிரல் அவை ஒவ்வொன்றையும் பார்வையை மறைக்கும் சுவராகக் கருதி மணிக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அகலப்படுத்தும் சோதனையில், இணைக்கப்பட்ட நகல்களின் தயவால் ஒரே ஒரு வீட்டைத் திருத்தினேன். பத்து நிமிடத்துக்குள் முடிந்தது, மேப்பை அந்த மூன்று நிரல்களாலும் மறுபடி தொகுக்கும் நேரத்தைச் சேர்க்காமல். டிரென்ச்புரூமில் கட்டிய மேப்பை ஃபங்க்கோடோ என்ற இணைப்பு வழியாக கோடோ எஞ்சினுக்குள் கொண்டுவரலாம் என்பதால், உங்கள் சொந்த விளையாட்டுக்கும் இந்தப் பயிற்சி வீண்போகாது.

ஆறாம் படி: வார்கிராஃப்ட் 3 வோர்ல்ட் எடிட்டர்

இதை ஒப்பீட்டில் சேர்த்ததற்குக் கொஞ்சம் பாசமும் காரணம். 2002இல் வார்கிராஃப்ட் 3 என்ற போர்த்தந்திர விளையாட்டுடன் வந்த இந்த எடிட்டரை நான் ஜார்ஜ்டவுனில் ஒரு சைபர் கஃபேயில்தான் முதலில் தொட்டேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மேப்பைக் கட்டினேன். கணினி நின்றுபோய் மறுபடி இயங்கியபோது கோப்பு இல்லை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பும்படி அந்தக் கடையில் கணினிகளை அமைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து பென்டிரைவ் இல்லாமல் எந்த எடிட்டரையும் திறப்பதில்லை; இப்போதும் ஒவ்வொரு மாலையும் தேதியிட்டு ஒரு நகல் எடுக்கிறேன். நீங்களும் எடுங்கள்.

இந்த எடிட்டரில் சுவருக்கு மதிப்பில்லை, நிகழ்ச்சிக்குத்தான் மதிப்பு. நிலத்தை வரைந்து வீடுகளை நிறுத்தியதும் உடனே டிரிக்கர் பக்கத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு டிரிக்கருக்கும் மூன்று உறுப்புகள்: என்ன நடந்தால், எந்த நிபந்தனையில், என்ன செய்ய வேண்டும். பூமாலைக் கடையின் முன் ஒரு பகுதியை வரைந்து பெயரிடுங்கள். ஒரு வீரன் அப்பகுதிக்குள் நுழைந்தால், அவன் முதல் ஆட்டக்காரருக்குரியவனாக இருந்தால், திரையில் ஒரு செய்தியைக் காட்டு என்று எழுதுங்கள். ஒரு வரி நிரல் தெரியாமலேயே நிரலாக்கத்தின் அடிப்படை இதில் கைக்கு வந்துவிடுகிறது. டோட்டா என்ற விளையாட்டு இந்த எடிட்டரில் ஆட்டக்காரர்கள் கட்டிய மேப்பாகத்தான் பிறந்தது. அதன் வாரிசான டோட்டா 2க்கு 2018இல் கோலாலம்பூரிலேயே ஒரு பெரிய உலகப் போட்டி நடந்தது.

ஆனால் நம் சோதனையில் இது தோற்றது. கேமரா மேலிருந்து பார்ப்பதால் மாடி அஞ்சடியை மறைத்துவிடுகிறது. கூரையை வெட்டித்தான் நடைபாதையைக் காட்ட முடிந்தது. அகலப்படுத்தும்போது ஒவ்வொரு தூணையும் ஒவ்வொரு விளக்கையும் கையால் நகர்த்தினேன். மேலும், 2020இல் ரீஃபோர்ஜ்ட் பதிப்பு வந்தபோது, இதில் கட்டப்படும் மேப்புகள் விளையாட்டை வெளியிட்ட ப்ளிஸார்டு நிறுவனத்துக்கே உரியவை என்று விதிமுறையில் எழுதிவிட்டார்கள். எந்த எடிட்டரையும் ஆழமாகக் கற்குமுன் அதன் உரிமப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மற்றவை பற்றி இரண்டு சொல்

பிள்ளைகள் பலர் ரோப்லாக்ஸ் ஸ்டூடியோவில்தான் தொடங்குகிறார்கள்; அதில் குற்றமில்லை, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு உடனே விளையாடலாம். சூப்பர் மாரியோ மேக்கர் 2இல் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: நீங்கள் கட்டிய லெவலை நீங்களே கடந்து காட்டினால்தான் அதைப் பிறருக்கு வெளியிட முடியும். மற்ற எடிட்டர்களில் இந்த விதி இல்லாவிட்டாலும் உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். ஹாமர் எடிட்டர் கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டில் பைத்தியம் உள்ளவர்களுக்கானது. டிரென்ச்புரூமில் பழகியவருக்கு அதன் பழைய பதிப்பு ஒரு வாரத்தில் வசப்படும். சோர்ஸ் 2 எஞ்சினுக்கான புதிய பதிப்பு கட்டிகளை விட்டு வலைப்பரப்புகளுக்கு மாறிவிட்டதால் அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

ஏழாம் படி: தெருவை அறிந்தவரிடம் கொடுத்தல்

குறித்து வைத்த நேரங்களை இப்போது அருகருகே வையுங்கள். என் தாளில், அகலப்படுத்த மிகக் குறைந்த நேரம் எடுத்தது எல்டிடிகே, அடுத்து டிரென்ச்புரூம், படங்களைச் சரிசெய்த நேரத்தால் டூம் பில்டர் அதற்குப் பின்னால் வந்தது. மற்ற இரண்டும் வெகு தூரம் பின்தங்கின. உங்கள் தாள் வேறு விதமாகச் சொல்லலாம், ஏனெனில் விதி எழுதப் பிடிக்காதவருக்கு எல்டிடிகே வேதனை, தொகுப்பதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு குவேக் வேதனை. எந்த இரண்டு எடிட்டர்களுக்கு மறுநாள் நீங்களாகவே திரும்பிப் போனீர்கள் என்பதையும் பாருங்கள். அவற்றுள் ஒன்றை மூன்று மாதம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மேப்பை விளையாட்டு ஆடுபவரிடம் கொடுக்குமுன் தெருவை அறிந்த ஒருவரிடம் கொடுங்கள். கடைத்தெருவில் நெடுங்காலம் துணிக்கடை வைத்திருந்த என் மாமாவை டிரென்ச்புரூம் மேப்பில் நடக்க வைத்தேன். அவர் பாதித் தெரு நடந்துவிட்டு, "ஏம்பா, அஞ்சடியில ஒரு மோட்டார்கூட நிக்கல, இது எந்த ஊரு?" என்றார். அன்றிரவே ஆறு மோட்டார் சைக்கிள்களைக் கட்டித் தூண்களை ஒட்டி நிறுத்தினேன். ஒவ்வொன்றும் 56 அலகு இடத்தை எடுத்துக்கொண்டதால் 96 அலகு அஞ்சடியில் 40 அலகு வழிதான் மிஞ்சியது. நாயகனின் அகலம் 32, அவன் நுழைந்துவிடுவான். அவனைத் துரத்தும் ஓகர் என்ற அரக்கனுக்கு 64 அலகு இடம் வேண்டும். அது முதல் மோட்டாருக்கு முன்னாலேயே நின்று, நடுத்தெருவிலிருந்து குண்டு வீச ஆரம்பித்தது. அதுவரை சும்மா கிடந்த அஞ்சடி இப்போது ஆட்டக்காரர் ஓடி ஒளியும் இடமாக மாறிவிட்டது. ஆகவே அங்கே வைத்திருந்த மருந்துப் பெட்டிகளை எடுத்து நடுத்தெருவுக்கு மாற்றினேன்.